சேவலை விற்ற ரொகெலியோ

ஹாங்காங்,
மார்ச் 3, 1996

அன்புள்ள ரொகெலியோ,

நான் நலம். முதலாளியம்மாவின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உன் தங்கை தெல்மா எழுதியிருந்தாள். மூளையுறையில் வந்த வைரஸ் காய்ச்சல் போன வருடமே குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாரே, அப்புறமும் ஆளேற்றி ஓட்டாமல் ஜீப்னி வண்டி ஏன் வாசலிலேயே நிற்கிறது? பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறாயாம். சாயங்காலமானால் விதவை அமாலியா வீட்டுக்குப் போய்விடுகிறாயாம். அதுகூடப் போகட்டும், சண்டைச் சேவலை விற்றுவிட்டாயாமே! கல்யாணத்தன்று காலையில்கூடச் சேவல் களத்துக்குப் போய்விட்டு வந்தவன் நீ. நம் ஊரில் ஆண்பிள்ளை சேவலை விற்றால் பின்னால் ஒருத்தி இருப்பாள். யாருக்காக விற்றாய்?

உன் நெனித்தா

இலோயிலோ,
மார்ச் 19

அன்பு நெனித்தா,

யாருக்காகவும் இல்லை. அது கூவினால் என் மண்டை பிளக்கிறது. வெயில் கண்ணில் பட்டாலும் அப்படித்தான். அமாலியா வீட்டில் ரேடியோ இல்லை, நாய் இல்லை. பின்பக்க பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன். அவள் பாட்டுக்கு வலை பின்னுவாள்.

ஜீப்னி ஓட்டிப் பார்த்தேன். இறங்குகிறவர்கள் காசால் கூரையைத் தட்டுவார்களே, அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் பிளாசா சதுக்கத்து முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்றே மறந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தர், "என்னய்யா, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

அதே டாக்டரிடம் திரும்பப் போனேன். "சிலருக்கு இப்படி இழுக்கும்ப்பா, மெதுவாத்தான் சரியாகும்" என்கிறார். காட்டுவதற்கு என்னிடம் காயம் இல்லை. நீயும் நம்பாவிட்டால் எனக்கு யார்?

ரொகெலியோ

ஹாங்காங்,
ஏப்ரல் 6

ரொகெலியோ,

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் தோழிகளிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "நல்லா கதை விடறான்டி உன் புருஷன்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து மறுபடி படித்தேன். குடிக்காமலே குடித்தேன் என்றாயே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன். பொய் சொல்லித் தப்பிக்கிறவன் தன்னையே கேவலப்படுத்திக்கொள்வானா?

சந்தேகம் முழுதாகப் போகவில்லை, மறைக்க மாட்டேன். யாருக்கும் சொல்லாமல் வந்து உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் டிக்கெட் எடுத்தேன். இப்போது சொல்லிவிட்டே வருகிறேன். இருபதாம் தேதி, மதிய விமானம். வரவேற்புக்குச் சொந்தங்களைக் கூட்டாதே. பாட்டுக் கச்சேரி வேண்டாம், பன்றி வறுக்க வேண்டாம். நீயும் விமான நிலையத்துக்கு வராதே, வெயிலாக இருக்கும்.

உன் நெனித்தா