உடன் பார்த்தவர்

அக். 6, திங்கள்

காலை 5-க்குக் கார். மேகம், மழை இல்லை. மதுக்கரை தாண்டுவதற்குள் ருக்மணிக்கு முதல் வாந்தி. கடலைக் கண்ணால் பார்க்கவே இன்னும் நாலு மணி நேரம், அதற்குள் ஆரம்பம். மாத்திரை போட்டாயா என்றால் "போட்டனுங்க" என்கிறாள். போட்டிருக்க மாட்டாள்.

பெங்களூர் மகள் செய்த ஏற்பாடு. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்காம். கொச்சியில் ஏறி மங்களூரில் இறங்குவது. சின்னக் கப்பல், 22 பேர், ஐந்து நாள். பறவை, டால்பின், அலையாத்திக் காடு. கூட வருவது முக்கால்வாசி கோவைக்காரர்கள். பறவை பார்க்கிற கூட்டம் என்று மகள் சொன்னாள். படம் எடுக்கிற கூட்டம் என்பது ஏறினதும் தெரிந்தது.

என் பையில்: பைனாகுலர் (பழசு, நல்லது), நோட்டு 2, தொப்பி, கண் சொட்டு மருந்து.
அவள் பையில்: புளிச்சோறு, முறுக்கு, எலுமிச்சம்பழம் ஒரு டஜன், இன்னும் என்னென்னவோ. கப்பலில் சோறே போட மாட்டார்கள் என்று நினைப்பு.

ஏறியதும் எதிரே சூலூர் பல் டாக்டர், செந்தில்குமார். பன்னிரண்டு வருடம் முன்னால் என் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வந்து, கொக்குக்கும் நாரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட ஆள். இன்று கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ், வாட்ஸப் குழுவில் நானூறு பேர். "மாஸ்டருங்க! நீங்களுமா! எங்களுக்கெல்லாம் குருவுங்க இவரு" என்று ஊர் கேட்கக் கத்தினார். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குருவாம். என் நடைக்கு இப்போது ஆறு பேர் வருகிறார்கள். மழை என்றால் இரண்டு.

அக். 7, செவ்வாய்

வெயில். கடல் அமைதி. காலையில் ரப்பர் படகில் கழிமுகம். ஆலா (வெள்ளைக் கடற்பறவை) 3 வகை. அரிவாள் மூக்கன் 40 இருக்கும். உள்ளான், எண்ணவில்லை. கடல் கழுகு 1, மரத்தில் உட்கார்ந்து மீன் தின்றது. எல்லாக் காமிராவும் ஒரே நேரத்தில் படபடவென்று. கழுகே சலித்துப் போய் எழுந்து போனது.

வழிகாட்டி பிந்து, பாலக்காட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். விஷயம் தெரிந்தவர். சாப்பாட்டு அறையில் பெரிய பதிவு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். கட்டங்கள்: பறவை, நேரம், பார்த்தவர், உடன் பார்த்தவர். சாதாரணப் பறவைக்கு ஒரு பேர் போதும். அபூர்வமானது என்றால் இரண்டாவது பேர் கட்டாயம். "ஒருத்தரோட கண்ணு ஏமாத்தும் சார். ரெண்டு பேரை ஒரே மாதிரி ஏமாத்தாது." எனக்கே சொல்கிறார். கோவையில் எங்கள் குழுவில் இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்.

எனக்கு இந்தக் கடலில் வேண்டியது ஒன்றே ஒன்று. டிராபிக் பேர்ட். நானே வைத்த தமிழ்ப் பேர் நீளவால் (இனி நீ.வா.). வெள்ளை உடம்பு, சிவப்பு அலகு, வாலில் ஒரு முழத்துக்கு இறகு. நடுக்கடல் பறவை, கரைப்பக்கம் வருவது அபூர்வம். கோவைக் குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை. டாக்டரும்தான்.

இடது கண்ணில் புரை. ஜனவரியில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். வலது கண்ணும் சுமார். இதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இருக்கும்போல் தோன்றவில்லை.

ருக்மணி மத்தியானம் மோர் மட்டும். "நீங்க போயிப் பாருங்க, நான் படுத்துக்கறேன்."

அக். 8, புதன்

பார்த்துவிட்டேன். மதியம் 3.10.

நீ.வா. 1. பின் தளத்தில் நான் மட்டும். மற்றவர்கள் பிரியாணி தின்றுவிட்டுத் தூக்கம். மேற்கே, வெயிலுக்கு எதிரே, வெள்ளையாக. ஐந்து வினாடி. வால் இருந்தது. நிச்சயமாக இருந்தது.

நேராகப் போய் நோட்டில் எழுதினேன். பார்த்தவர்: நான். உடன் பார்த்தவர்: ருக்மணி. வழக்கம்போல.

டீக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். பிந்து ஓடி வந்து கை குலுக்கினார். டாக்டர் முகம் சுண்டிப் போய்விட்டது. "எந்தப் பக்கமுங்க மாஸ்டர்? எவ்வளவு தூரமுங்க?" காட்டினேன். போய் இருட்டும் வரை லென்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. நிற்கட்டும். என்னிடம் கொக்கு நாரை படித்த காலத்தில் இருந்த பணிவு எங்கே போனது என்று நின்று யோசிக்கட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்காகப் பாயசம் வைத்தார்கள். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ருக்மணியிடம் சொல்லவில்லை. அறையில் சுருண்டு படுத்திருந்தாள். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்.

அக். 9, வியாழன்

எழுத்து கோணுகிறது.

காலைச் சாப்பாடு. மூன்று நாளில் முதல் முறையாக ருக்மணி எழுந்து, தலை வாரி, மேசைக்கு வந்தாள். டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார். நல்ல மரியாதை. உட்கார்ந்ததும் கேட்டார்:

"ஏனுங்கம்மா, நேத்து நீங்களும் பாத்தீங்களாமே. வாலு எப்படிங்க இருந்துச்சு? மாஸ்டரு அஞ்சு வினாடிதான்னு சொன்னாருங்க."

"எது கண்ணு?"

"அந்த வெள்ளப் பறவைங்கம்மா. மூணு மணிக்கு."

நான் அவள் காலை மிதித்தேன். எட்டவில்லை. மேசைக் கால்.

"மூணு மணிக்கு நான் ரூமுலதான கண்ணு கெடந்தேன். பக்கெட்டப் புடிச்சுட்டு."

பிந்து தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டிருக்கலாம் டாக்டர். விடவில்லை. கெட்ட எண்ணத்தில் கேட்ட மாதிரியும் தெரியவில்லை, அதுதான் எரிகிறது.

"அப்ப அந்த சிங்காநல்லூர்க் கொளத்து வாத்துங்கம்மா? அதுலயும் உங்க பேருதானுங்களே..."

"கொளத்துக்கா? அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லியே கண்ணு. ஏனுங்க, நான் வந்திருக்கனுங்களா?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"பரவால்லீங்க மாஸ்டர், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் டாக்டர். அந்தப் பரவாயில்லையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வாத்து நிஜம். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். சைபீரியாவிலிருந்து வழி தவறி வந்த ஒற்றை வாத்து. ஒன்பது வருடம் முன்னால், குளத்தின் வடகரையில், ஆகாயத்தாமரைக்கு நடுவே, இருபது நிமிடம் பார்த்தேன். அப்போது கண் நன்றாக இருந்தது. அதைப் பற்றி எத்தனை பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறேன். சாட்சிதான் பொய். இனி வாத்தும் பொய். ஊர் போய்ச் சேருவதற்குள் நானூறு பேருக்கும் தெரிந்துவிடும்.

மதியம். வெளியே டால்பின் என்று ஒரே கூச்சல். எங்கள் இருவரையும் தவிர எல்லோரும் மேலே.

எவ்வளவு கத்தியிருப்பேன். ஒரு வார்த்தை ஆமாம் என்று சொன்னால் உன் வாய் தேய்ந்தா போகும் என்றேன். மானத்தை வாங்கிவிட்டாயே என்றேன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்ந்த பிறகு,

"எத்தன எடத்துலீங்க எம் பேர எழுதியிருக்கீங்க?"

சொன்னேன். நினைவிலிருந்த வரை:
- வாளையாறு, ஆந்தை
- சூலூர்க் குளம், இரண்டு முறை
- ஆனைகட்டி ரோடு, கழுகு
- சிங்காநல்லூர், வாத்து
- மற்றவை

"வாத்து எப்பங்க?"

கார்த்திகை தீபத்துக்கு அடுத்த நாள் என்றேன். அந்தத் தேதி எனக்கு மறக்காது.

"தீபத்துக்கு மக்யா நாளுங்களா?" எலுமிச்சம்பழத்தைக் கட்டிலில் வைத்தாள். "அன்னிக்குத்தானுங்களே எனக்கு கர்ப்பப்பை எடுத்தாங்க."

ஆமாம்.

"காலைல வந்து எட்டிப் பாத்துப்போட்டு, டிபன் வாங்கியாரேன்னு போனீங்க. என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப, கையெழுத்துப் போட ஆளில்லாம பக்கத்துப் பெட்டுக்காரம்மாவோட தம்பி போட்டாருங்க. அவரு பேரு கூட எனக்குத் தெரியாது."

எனக்கு இது தெரியாது. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பதினோரு மணிக்குக் குளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், முடிந்துவிட்டது என்றார்கள், சரி என்று உட்கார்ந்துகொண்டேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெஞ்சில்தான் அவள் பேரை எழுதியிருப்பேன்.

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் மறுபடி கத்தியிருப்பேன்.

"நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நானும் பாத்தேன்னே சொல்லியிருப்பனுங்க. எனக்கென்னுங்க வந்துச்சு. கேக்கவே இல்லியே நீங்க."

முறுக்கு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். தின்னவில்லை. பிறகு தின்றேன்.

மாலை, சாப்பாட்டு அறை வழியாகப் போனபோது நோட்டு திறந்து கிடந்தது. பிந்து என் வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி. அடித்தே இருக்கலாம்.

அக். 10, வெள்ளி

காலையில் காற்று. நாளை மங்களூர். கரையிலிருந்து தள்ளி ஒரு பாறைத் தீவு, மரம் கிடையாது, எச்சம் பூசி வெளுத்துக் கிடக்கிறதாம். எல்லோரும் மேல் தளத்தில். நான் போகவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு. ருக்மணி போனாள். வயிறு பழகிவிட்டதாம்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். புதன்கிழமை நான் பார்த்தது வெள்ளையாக எதுவோ. ஆலாவாக இருக்கலாம். அலை நுரையாகக்கூட இருக்கலாம். வால் நான் போட்டது.

7.40. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாமல் திறந்து வந்தாள். மூச்சு வாங்கியது. "ஏனுங்க, வாங்க, சுருக்கா வாங்க. வெள்ளையா ஒண்ணு மேலயே சுத்துது. வாலு இத்தன நீட்டம்." கையை விரித்துக் காட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கல்யாண வீட்டில் கூட அவள் என் கையைப் பிடித்து நடந்ததில்லை.

(7.40-க்குப் பிறகு நடந்ததெல்லாம் இப்போது, 8.30-க்கு எழுதுகிறேன்.)

மேலே ஒரே சத்தம். "அங்க, அங்க, பாறைக்கு மேல!" "அய்யோ என்ன வாலு சாமி!" ஆளாளுக்குக் கையைக் காட்டினார்கள். கை காட்டிய பக்கமெல்லாம் பைனாகுலரைத் திருப்பினேன். வெயில். கண்ணில் நீர். வெள்ளை, எல்லாமே வெள்ளை. பாறை வெள்ளை, வானம் வெள்ளை. "இப்ப உங்க தலைக்கு மேலீங்க" என்றாள். அண்ணாந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பிறகு, "போயிருச்சு" என்றார்கள்.

டாக்டர் காமிராவின் திரையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பளிச்சென்று விழுந்திருக்கிறதாம். என்னிடமும் நீட்டினார். தலையை ஆட்டி வைத்தேன். திரையும் எனக்கு வெள்ளைதான்.

பிந்து நோட்டை மேலேயே கொண்டுவந்தார். முதலில் கண்டுபிடித்தது யார்? "அம்மாதான்" என்றார்கள் எல்லோரும். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இவள்தான் பாறைப் பக்கம் கையைக் காட்டி, அதென்னங்க என்று கேட்டாளாம். பார்த்தவர்: ருக்மணி. நாற்பது வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவள் பேர் முதல் தடவை.

"உடன் பார்த்தவர்?" பிந்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"எங்கூட்டுக்காரரு பேர எழுதுங்க" என்றாள் ருக்மணி. "அவரும் பாத்தாருங்க."

டாக்டர் என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். பறவை வடக்கே போனபோது நான் தெற்கே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருப்பார். பிந்துவும் கவனித்திருப்பார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ருக்மணியின் முகத்தைப் பார்த்தேன். பாவம் பார்த்தாளா, பழி தீர்த்தாளா, தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பிந்து எழுதி முடித்துவிட்டார். டாக்டர் நீட்டிய கையைப் பேனாவிலிருந்து என் பக்கம் திருப்பினார். "சந்தோசமுங்க மாஸ்டர்."

கை கொடுத்தேன்.