எக்கோ அறையில் நான் படித்த முகம்

அத்தான்,

உங்கள் போன் டிவி மேல் கிடந்து அலறுகிறது, அதனால் இந்தச் சீட்டு. அடுத்த வீட்டு ஸ்னேகாவுக்கு இதய எக்கோ ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது! ரத்தப் புற்றுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து பிள்ளையின் இதயத்துக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையாம். நாளைக்கே அடுத்த மருந்து ஏற்றலாமாம்!

ஆனால் காலையில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். எக்கோ எடுத்த பெண் திரையைப் பார்த்தபடி உம்மென்று இருந்தாள். முகம் பார்த்துச் சேதி சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? வெளியே வந்து, தெருவுக்கே சேதி சொல்லும் நம் ராஜலக்ஷ்மிக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறு போலுக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அந்தப் பெண் வாயே திறக்கக் கூடாதாம். நம் தெருவில் அப்படியொரு ஜீவன் உண்டா?

இப்போது ராஜலக்ஷ்மியின் லைன் ஓயாமல் பிஸி. நாலு மணிக்குத் தெருவே துக்கம் விசாரிக்க, ஸ்னேகாவின் அம்மா சுப்ரியா வீட்டில் திரண்டுவிடும். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, கூட்டம் ஆகாது. தாயையும் மகளையும் கூட்டிவர நான் மறுபடி பாளை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். நீங்கள் வீடு வீடாகப் போய், "அவ தப்பாச் சொல்லிட்டா, பிள்ள நல்லாருக்கா" என்று என் பெயரைப் போட்டே சொல்லிவிடுங்கள். நேற்று 'வம்புக்காரி' என்றீர்களே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அது தனி.

ரசம் அடுப்பில் இருக்கிறது. அப்பளம் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

ஞானம்பாள்

பி.கு.: டாக்டர் சொன்னதும் சுப்ரியா கேன்டீனில் உட்கார்ந்து அழுதுகொண்டே நாலு பூரி தின்றாள். ரெண்டு மாசமாக ஒழுங்காகச் சாப்பிடாதவள். இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.