நாலு செங்கல்

பச்சைத்தண்ணீர் ஆகாத என் அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும், அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. நீ இருந்தால் காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி எமிலி, சன்னலச் சாத்து, கூதக்காத்து அடிக்கி" என்று உள்ளிருந்து சத்தம் போட்டிருப்பாய்.

குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் எண்பத்தொரு வயது வரை இருந்தாயே, ஒரு நாளாவது அருவியில் தலையைக் கொடுத்தாயா? சீசனுக்கு வேன் பிடித்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் குளித்துக் கும்மாளம் போடுவார்கள். நீ அவர்களுடைய துணிமணிக்குக் காவலாகக் குடை பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பாய். சித்திரை வெயிலிலும் உனக்கு வெந்நீர்தான். "ஒங்க அம்மைக்கு மோட்சத்துலயும் ஒரு வெந்நி அண்டா வைக்கச் சொல்லணும்" என்று அப்பா கேலி செய்வார்.

அப்படிப்பட்ட உன்னை நாங்கள் தண்ணீருக்குள் இறக்கினோம் அம்மா. இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. உனக்கே தெரிந்திருக்கும், நீ அங்கேதானே படுத்திருக்கிறாய். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

அப்பாவை அடக்கம் செய்தபோது, கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு வலப்பக்கம் உனக்கென்று ஆறடி இடம் விட்டு, அதன் நாலு மூலையிலும் நாலு செங்கலை நீயே நட்டாய். ஒன்றின் மேல் சுண்ணாம்பால் ஒரு சிலுவைக் குறியும் போட்டாய். காகிதம் ஒன்றும் கிடையாது. நம் சபையில் செங்கல் நட்டால் அது பட்டா வாங்கின மாதிரிதான். பதினாறு வருஷம் அதை யாரும் தொடவில்லை. நான் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்த ஆடி மாதத்தில் டேனியல் அண்ணாச்சி இறந்தார். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா அவரை உன் இடத்தில் அடக்கம் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தே பாடுவாளே, அதே ரோஸ்லின். அந்தச் செங்கல்கள் யாருக்கென்று அவளுக்குத் தெரியாதா?

நான் திரும்பி வந்தபோது நீ படுக்கையில் விழுந்திருந்தாய். "அப்பா பக்கத்துல எனக்கு எடம் இருக்குல்லா?" என்று கேட்டாய். "இருக்கும்மா" என்றேன். நாலு மாதம் நீ கேட்டபோதெல்லாம் அந்தப் பொய்யைச் சொன்னேன். நீயும் அதை நம்பியே கண்ணை மூடினாய்.

கார்த்திகை மழையில் வாய்க்காலை ஒட்டிய மதிலோரத்தில்தான் உனக்கு இடம் கிடைத்தது. குழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறி நின்றது. நாலு பேர் வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறியது. போதகர் ஜெபத்தை முடித்துவிட்டு நனைந்துகொண்டே காத்து நின்றார். கடைசியில் வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கினார்கள். அப்போது 'சளப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவே இல்லை.

அதற்கப்புறம் உன் மகள் என்னவெல்லாம் செய்தாள் என்று கேள். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையைச் சுற்றிப் புல் பறிப்பேன். பறித்த புல்லையும் உருகிப்போன மெழுகுவத்திக் கட்டைகளையும் அப்படியே அள்ளிப் பக்கத்தில் இருக்கிற டேனியல் அண்ணாச்சியின் மேல் போடுவேன். யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படவில்லை. அந்த மனிதர் எனக்கு என்ன பாவம் செய்தார்? ஆராதனையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது 'நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும்' என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன், அது தாண்டியதும் சேர்ந்துகொள்வேன். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் முட்டுவலி, முழங்கால் போட முடியவில்லை என்றேன். நல்ல முழங்காலை வைத்துக்கொண்டு.

இன்னொன்றையும் செய்தேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கேடானது. உனக்குக் கல்லறை கட்டவில்லை. கட்டினால் அந்த மூலைதான் உன் இடம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? இரண்டு மழையில் மண்மேடு இறங்கித் தரையோடு தரையாகிவிட்டது. பேர் எழுதின கல்கூட இல்லை. போன மழையில் உன் தலைமாட்டைத் தேடி நானே தடுமாறினேன். அவள் உன் இடத்தைத்தான் எடுத்தாள், நான் உன் பேரையே எடுத்துவிட்டேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலம் தொடங்கிய வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் நடந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். எல்லார் பேரையும் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு யார் பேர் வருகிறதோ அவருக்காக ஈஸ்டர் வரைக்கும் தினமும் ரகசியமாக ஜெபிக்க வேண்டும். செயலாளர் நான்தானே, சீட்டு எழுதுவதும் நான்தான். ரோஸ்லின் பேரை மட்டும் எழுதாமல் விட்டேன். மறதி இல்லை அம்மா. அவளுக்காக ஒரு ஆள்கூட ஆண்டவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கோபம் கண்ணை மறைத்தால் கணக்கும் மறந்துபோகும் போலிருக்கிறது. சொம்பு வரிசையாகப் போயிற்று. ரோஸ்லினும் ஒரு சீட்டு எடுத்தாள். கடைசியாக என்னிடம் வந்தபோது சொம்பு காலி. போதகரின் மனைவி, நாம் ஐயரம்மா என்போமே, அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன எமிலி, ஒரு சீட்டு கொறையுது? யார் பேரு விட்டுப்போச்சு?"

நான் காலிச் சொம்புக்குள் விரலை விட்டுத் துழாவினேன். மூலையிலிருந்து ரோஸ்லின்தான் பதில் சொன்னாள். "எம் பேராத்தான் இருக்கும் ஐயரம்மா."

இருபத்திரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்க்காமல் அவரவர் மடியைப் பார்த்தார்கள். ஐயரம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, "அப்போ அந்தப் பேரு ஒனக்குத்தான். எழுதிக்கோ" என்றார்கள். என் கையெழுத்திலேயே எழுதி, எல்லார் முன்னாலும் மடித்து என் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது.

முதல் வாரம் என் ஜெபம் எப்படி இருந்தது தெரியுமா? உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "ஆண்டவரே, ரோஸ்லினை நீரே பார்த்துக்கொள்ளும்" என்பேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிற குரலில். ஆனால் தினமும் அதையே சொன்னால் எனக்கே அலுத்துவிட்டது. வேறு ஏதாவது கேட்க வேண்டும். கேட்பதென்றால் அவளுக்கு என்ன குறை என்று தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மகன் துபாயிலிருந்து அப்பா சாவுக்கு வந்தவன்தான், பிறகு வரவில்லை. முட்டுவலி, நிஜமான முட்டுவலி. ஐந்தருவிப் பக்கம் இருக்கிற சிப்ஸ் கடையைச் சீசன் இல்லாத நாளிலும் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாளாம், வீட்டில் தனியாக இருக்க முடியாமல். சரி, அவள் முட்டுக்காகக் கேட்டேன். மகனுக்காகக் கேட்டேன். கோபம் குறைந்தது என்று நினைத்துவிடாதே. ஜெபத்தை முடித்து எழுந்ததும் அது வாசலில் வந்து நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தியானத்தில் சிலுவைப்பாடுகளைப் பற்றிப் பிரசங்கம். நான் இத்தனை நாளும் ஆண்டவரிடம், "வலிக்குது, வலி போகட்டும், அப்புறம் மன்னிக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் ஆணியின் வலி போன பிறகா மன்னித்தார்? கையிலும் காலிலும் ரத்தம் ஒழுகும்போதே அல்லவா மன்னித்தார். கோயிலிலேயே அழுதேன்.

பெரிய வியாழன் அன்று மத்தியானம் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் திருவிருந்து ஆராதனை, அதற்குள் இதை முடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பங்குனி வெயிலில் குற்றாலம் வெறிச்சோடிக் கிடந்தது. மெயின் அருவியில் பாறைதான் தெரிந்தது, ஓரத்தில் நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஐந்தருவி போனேன். கடைகளெல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. இவள் கடை மட்டும் திறந்திருந்தது.

"யாரு... எமிலியா? வாட்டி. இங்கன உக்காரு."

நான் உட்காரவில்லை. "எதுக்குக்கா அப்படிச் செஞ்சிய?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரியாம செஞ்சேன்னு சொன்னா பொய்யி. மொதல்ல மதிலோரத்துலதான் குழி வெட்டுனாங்க, தண்ணி ஊறிட்டு. அதுக்குள்ள அவர வைக்க எனக்கு மனசு வரல. ஒங்கம்மா எடம் மேட்டுல இருந்துச்சு. செங்கல நாந்தான் புடுங்குனேன். அவிய பெரிய மனுசி, பொறுத்துக்கிடுவாவன்னு நெனச்சேன். அதுக்குப் பெறகு அவிய மொகத்தப் பாக்க வரமுடியல."

"எங்கம்மாவ அந்தத் தண்ணிக்குள்ளதான் வச்சோம்."

"தெரியும். நானும் அங்கன நின்னேன், மதிலுக்கு வெளிய."

சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வைத்தாள். உள்ளே நாலு செங்கல். உன் செங்கல் அம்மா. சுண்ணாம்புச் சிலுவை மங்கலாக இன்னும் தெரிந்தது.

"தூரப் போடணும்னு எத்தனையோ நாளு எடுத்தேன். முடியல."

அந்தச் சிலுவை போட்ட செங்கலைக் கையில் எடுத்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு பொய் போதும். அந்த நிமிஷம் எனக்குக் கண் இருட்டியது. 'சளப்' என்ற சத்தம் கேட்டது. கை தானாக உயர்ந்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த சாபத்தையெல்லாம் கொட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் லெந்து முழுக்க ஜெபித்துப் பழகிப்போன வாயில் வந்தது, "ஆண்டவரே, ரோஸ்லின்..." அவ்வளவுதான். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? செங்கலைச் சாக்கில் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, ஒங்கள மன்னிச்சிட்டேன். ஆனா கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருந்துட்டுப் போட்டும்" என்றாள். பிறகு இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

அவள் அன்றைக்குச் சீக்கிரமே கடையை அடைத்தாள். சேர்ந்துதான் பஸ் ஏறினோம். கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, குத்தாலத்துலருந்து எல்லாரும் சிப்ஸுல்லா வாங்கிட்டுப் போவாவ. நீங்க செங்கலு வாங்கிட்டுப் போறியளா?" என்றான். ரோஸ்லின் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பரமண்டல ஜெபத்தில் அந்த வரியை நானும் சத்தமாகச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். திருவிருந்துக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். எழுந்திருக்க முடியாமல் அவள் என் தோளில் கையை ஊன்றினாள். நல்ல கனம்.

இன்னும் சில நாள் கோபம் வந்து எட்டிப்பார்க்கிறது அம்மா. மழை பெய்கிற நாளில் அதிகமாக வரும். அப்போதெல்லாம் அந்தச் சீட்டை எடுத்துப் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஈஸ்டர் முடிந்தும் அதைக் கிழித்துப் போடவில்லை.

நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னை நம்பவைத்து ஏமாற்றியதற்கும், வீம்புக்காக உன்னைப் பேரில்லாமல் போட்டு வைத்ததற்கும். மன்னிப்பாய்தானே? பெரிய மனுஷி, பொறுத்துக்கொள்வாய் என்று நானும்தான் நினைத்துவிட்டேன்.

கொத்தனாரிடம் பேசியாயிற்று. ஐப்பசி மழைக்கு முன்னால் உன் கல்லறை எழும்பிவிடும். தண்ணீர் தொடாத உயரத்துக்கு மேடை. நாலு மூலையிலும் முதலில் வைப்பது உன் நாலு செங்கல்தான். கல்லில் உன் பேர் பெரிதாக இருக்கும். அப்பா பக்கத்தில் புல் பறிக்கும்போது டேனியல் அண்ணாச்சிக்கும் சேர்த்துப் பறித்து, சாக்கில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவேன். இது சத்தியம்.

கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்துதான் கல்லறையைக் கழுவுவார்கள். நான் உனக்கு வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவருகிறேன்.

உன் கோபக்கார மகள்,
எமிலி