திருப்பிச் சொன்னால்தான் அரைப்பேன்

முல்லை நகர், ஓசூர்
4.8.2025

அன்புள்ள ஃபகரு அக்காவுக்கு,

பொற்கொடி எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீங்களும் ஸோயாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நான் போட்ட ஒரே ஒரு வரி இரண்டு தெரு குரூப்பிலும் சுற்றி வந்து பட்ட பாடு போதும். இதை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது. கோதுமை டப்பாவுக்குள் வைத்து என் வீட்டுக்காரர் மாதவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மில்லில் அரைத்த மாவோடு பதிலும் வரட்டும்.

மாரிமுத்து சாரின் வண்டி திருடு போனதிலிருந்து, எங்கள் நகருக்கும் உங்கள் கடைத்தெருவுக்கும் நடுவிலுள்ள குறுக்குப் பாதையில் கேட் போட வேண்டும், இரவு பத்து மணிக்குப் பூட்ட வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரே பேச்சு. செயலாளர் என்ற முறையில் நான்தான் மல்லுக்கட்டினேன். "கடைத்தெருக்காரங்களையும் கூப்பிட்டுப் பேசிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். நேற்று ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூட்டம். ஷாமியானா, மைக் செட், உங்கள் தெருவுக்கென்று முன்வரிசை நாற்காலிகள். மாதவன் விடியற்காலையிலேயே எழுந்து சுண்டல் செய்தார்.

ஒருவர்கூட வரவில்லை அக்கா. முன்வரிசை முழுக்கக் காலி. தலைவர் மாரிமுத்து சார் கொஞ்சம் தாமதமாக வந்தார், வந்ததும் மைக்கைப் பிடித்தார். "பேசக் கூப்பிட்டா வரமாட்டேங்குறாக. இதுக்கு மேல நாம என்ன செய்ய?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். திம்மராயன் வெல்டிங் பட்டறையில் கேட்டுக்குச் சொல்லியாயிற்று.

உங்களுக்காகப் பேசிவிட்டு நான் அங்கே முட்டாள் மாதிரி நின்றேன். வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?

கோபம் ஆறாத,
பொற்கொடி

கடைத்தெரு
6.8.2025

என் தங்கை பொற்கொடிக்கு,

உன் கோதுமையிலும் கல் இருந்தது, கடிதத்திலும் இருந்தது. இரண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியா! யார் பார்த்த நல்ல நேரம் அது? கம்பெனிக்காரர்களான உங்களுக்கு அன்றைக்கு லீவு. அந்த லீவுக்குக் கறி எடுக்க எங்கே வருகிறீர்கள்? எங்கள் தெருவுக்கு. வாரத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள் அது ஒன்றுதான். பத்து மணிக்குத் தாவூத் அண்ணன் கறிக்கடையில் வரிசையில் நின்றவர் யார் தெரியுமா? உங்கள் தலைவர். "பாய், தொடைக்கறியாப் பாத்துப் போடுங்க, சீக்கிரம், மீட்டிங் இருக்கு" என்றாராம். அவருக்குக் கறி வெட்டிக்கொண்டே அவர் கூட்டத்துக்கும் அண்ணன் எப்படி வருவார்?

நாள் குறித்தது நீங்கள். இடம் உங்களுடையது, மைக் உங்களுடையது. நாற்காலி போட்டுவிட்டுக் கூப்பிட்டோம் என்கிறீர்கள். கல்யாணத்துக்கு அப்படிக் கூப்பிடலாம். பேசுவதற்குக் கூப்பிடுகிறவர்கள், உங்களுக்கு எப்போது முடியும் என்று முதலில் கேட்பார்கள்.

அது போகட்டும். என் மகள் ஸோயாவை உன் கம்பெனியில் சேர்த்துவிட்டவளே நீதான். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பஸ் அவளை உங்கள் நகர் முனையில் இறக்கிவிடும்போது மணி பதினொன்று. பத்து மணிக்குப் பூட்டினால், லாரி வரிசையாக நிற்கும் சர்வீஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் அவள் வீட்டுக்கு வர வேண்டும். அப்படி வரவிட எனக்குத் தைரியம் இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிடுவேன். உன் ஆட்கள் கைதட்டியபோது அவள் முகம் உனக்கு ஞாபகம் வரவில்லையா?

வருத்தத்துடன்,
அக்கா ஃபகருன்னிசா

முல்லை நகர்
9.8.2025

அன்புள்ள அக்கா,

தொடைக்கறி விஷயத்தை மாரிமுத்து சாரிடம் கேட்டே விட்டேன். "அட, ஆமால்ல!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் ஞாயிறு என்றால் ஊருக்கே லீவு என்று நினைத்த எங்களை என்ன சொல்வது! அந்தத் தப்பு எங்களுடையதுதான்.

ஆனால் "உன் ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது வலித்தது. கூட்டத்தில் என்னை "அவங்க ஆளு" என்கிறார்கள், நீங்கள் "உன் ஆட்கள்" என்கிறீர்கள். நான் எங்கேதான் போய் நிற்பது?

ஸோயாவை நான் மறக்கவில்லை. கேட்டுக்கு இரண்டு சாவி செய்யச் சொல்லிவிட்டேன். ஒன்று ஸோயாவுக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டத்தையும் வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மதியம் வைக்கலாம் என்கிறார் மாரிமுத்து சார், அன்றைக்கு உங்கள் கடைகள் மூடியிருக்குமாம்.

கேட் இந்த மாதக் கடைசியில் வந்துவிடும். சீக்கிரம் பதில் போடுங்கள். மாவு குவிந்து மாதவன் மூன்று வேளையும் சப்பாத்தி சாப்பிடுகிறார்.

உங்கள் ஆளாகவும் இருக்கும்,
பொற்கொடி

கடைத்தெரு
12.8.2025

என் தங்கைக்கு,

"உன் ஆட்கள்" என்று எழுதியது கோபத்தில் வந்தது. உன்னை வலிக்கச் செய்ததற்கு என்னை மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருப்பது நாங்கள் தூங்குவதற்கு இல்லை என்று தலைவரிடம் சொல். எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள்.

சாவி வேண்டாம். நீ பாசத்தில் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அதே பஸ்ஸில் எங்கள் தெரு ருக்ஸாரும் இறங்குகிறாள். அவளைச் சர்வீஸ் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு என் மகள் மட்டும் கேட்டைத் திறந்துகொண்டு வருவாளா? நாளைக்கு நமக்குள் ஒரு மனஸ்தாபம் வந்தால் சாவியைத் திருப்பிக் கேட்பாயா? நடக்கிற வழி எங்களுக்குச் சலுகையாக வரக் கூடாது பொற்கொடி. எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் வர வேண்டும்.

நாள் நான் சொல்கிறேன். வரும் 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. மாரிமுத்து வேலை பார்க்கும் லேத் பட்டறை மாதிரி சின்னக் கம்பெனிகள் எல்லாம் அன்றைக்கு லீவு. செவ்வாய்க்கிழமை அண்ணன் கடையில் ஈ ஓட்டுவார். என் மாவு மில்லும் ஓடாது. மில்லிலேயே உட்காரலாம். மைக் வேலை செய்யாது என்பது இன்னும் நல்லது, கிட்ட வந்து உட்கார்ந்தால்தான் காது கேட்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. என் மில்லில் யார் டப்பா கொடுத்தாலும், "கோதுமை, சப்பாத்திக்கு, நைஸா" என்று நான் திருப்பிச் சொல்வேன். அவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் மிஷினில் கொட்டுவேன். திருப்பிச் சொல்லாமல் கொட்டினால் கேழ்வரகுக்காரர் வீட்டுக்குக் கோதுமை போய்விடும். அன்றைக்கும் அதே வழக்கம்தான். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமா, அதான்" என்று சொன்ன பிறகுதான் தன் பேச்சை ஆரம்பிக்கலாம். சம்மதமா?

அன்புடன்,
அக்கா

கடைத்தெரு
20.8.2025

பொற்கொடிக்கு,

நீ சம்மதம் என்று சொல்லி அனுப்பியும், உன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியதால் உன்னால் வர முடியவில்லை. மாதவன் வந்தார், ஆனால் அவர் உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். பாதி நேரம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அதனால் கேள்.

முதலில் பேசியவர் மாரிமுத்து. ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டி காலையில் இல்லை, தவணைகூட முடியவில்லை என்றார். திருப்பிச் சொல்ல வேண்டியது தாவூத் அண்ணன். அவர் எடுத்த எடுப்பில், "எங்க தெருப் பசங்கதான் திருடிட்டாங்கன்னு சொல்றீங்க" என்றார்.

"நான் அப்படிச் சொல்லலையே பாய். வண்டி போச்சுண்டுதான் சொன்னேன்."

"கேட் எங்க பக்கம்தானே போடறீங்க?"

"திருப்பிச் சொல்லுங்கண்ணா" என்றேன் நான்.

அண்ணனுக்கு என் மேல் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்தே போய்விடுவார் என்று நினைத்தேன். முன்னால் இருந்த தராசை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, "உங்க வண்டி போச்சு. தவணையும் முடியல. அதுக்கப்புறம் ராத்திரில தூக்கம் வரல" என்றார். தூக்கம் வரவில்லை என்று மாரிமுத்து சொல்லவே இல்லை. ஆனால் அவர் "ஆமா பாய், அதான்" என்றார். வண்டி போன இந்த இரண்டு மாதத்தில் எங்களில் ஒருவரும் அவரிடம் போய் விசாரிக்கவில்லை. அதைத் திருட்டாகப் பார்க்காமல் பழியாகவே பார்த்துவிட்டோம்.

அடுத்து நான். ஸோயாவும் ருக்ஸாரும் பதினொரு மணிக்கு இறங்குவதைச் சொன்னேன். மாரிமுத்து, "பொம்பளப் புள்ளைக ராத்திரி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மறுபடியும் தொடங்கினார். அவர் மகள் கவிப்ரியா அடுத்த மாதம் அதே கம்பெனியில் சேர்கிறாளாமே! அவளும் அந்த முனையில்தான் இறங்குவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் முழுதாகச் சொல்லி முடித்தார். "அவுக நடந்து வரணும். எனக்கு வண்டி போகக் கூடாது. ரெண்டும் வேற வேறதானே பாய்?"

அவ்வளவுதான். கேட் வருகிறது. ராத்திரி பூட்டவும் செய்வார்கள். ஓரத்தில் ஆள் நுழைகிற அளவு வளைத்து இடைவெளி விடுவார்கள், வண்டி நுழையாது. திம்மராயன் ஏற்கெனவே அடித்து வைத்த கேட்டை வெட்ட வேண்டுமே என்று தெலுங்கில் புலம்பிக்கொண்டே அளவெடுத்தார். அளவுக்கு நடுவில் நிற்க வைத்தது தாவூத் அண்ணனை. அவர் வயிறு நுழைந்தால் ஊரே நுழையலாம் என்று சொன்னவர் மாரிமுத்து. அதற்கு மட்டும் அண்ணன் திருப்பிச் சொல்லவில்லை.

நீ இல்லாததுதான் குறை.

அக்கா

முல்லை நகர்
2.9.2025

அன்புள்ள அக்கா,

எனக்கும் இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட்தான். நேற்று ஸோயா, ருக்ஸாரோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினேன். கேட் பூட்டியிருந்தது. அந்த இரண்டு பேரும் பேச்சைக்கூட நிறுத்தாமல் இடைவெளியில் நுழைந்து உங்கள் வீட்டுப் பக்கம் போனார்கள். நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். செய்து வைத்த இரண்டாவது சாவியைச் சங்கத்து மேஜையிலேயே போட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முறை கிடைக்கவில்லை. அதனால் இப்போது நான் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நாளையும் இடத்தையும் நானே குறித்துவிட்டு உங்களை வரவில்லை என்று குறை சொன்னேன். உங்களுக்குச் சேர வேண்டிய வழியைச் சாவியாகத் தரப் பார்த்தேன். உங்களுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, மகளையும் இழுத்து வீட்டில் உட்கார வைக்க வேண்டி வருமோ, என்னையும் இழக்க வேண்டி வருமோ என்று. கடைசியில் உள்ளது நீங்கள் எழுதாதது. தாவூத் பாய் மாதிரி நானே சேர்த்துக்கொண்டேன்.

சரி என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். டப்பாவில் மாவை மட்டும் அனுப்புங்கள். ஞாயிறன்று, கறிக்கடைக் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு, அந்த இடைவெளி வழியாக நானே வருகிறேன். உங்களுக்கு எத்தனை மணிக்கு முடியும்? மாதவனிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள்,
பொற்கொடி