கரைவலைக் கயிற்றை விடாத அனஸ்தாசியா

அன்புள்ள அம்மாவுக்கு, கண்டக்குழியிலிருந்து மகள் றோசலின் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைய மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்யும் மனநோயாளர் இல்லத்தில் அனஸ்தாசியா என்றொரு பிள்ளை. காதில் கேட்ட குரல்கள் மருந்தால் அடங்கிவிட்டன. ஆனால் படகு மோட்டர் கேட்டால், குண்டு போட ஹெலி வருகிறதென்று கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். அந்தப் பயம் தீர்ந்தால்தான் கரையிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போகலாம்.

"அது சண்டைக்குள்ள பட்ட பயம், அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றார் புது டொக்டர். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குக் கிட்டக் கூட்டிப்போகச் சொன்னார்.

நேற்று அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கரையில் நின்று கரைவலை இழுத்தார்கள். கயிறு பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பார்கள் அல்லவா, அவளும் ஓடிப்போய்ப் பிடித்தாள். நானும் பிடித்தேன். அந்நேரம் பக்கத்தால் ஒரு படகு போனது. அவள் நடுங்கினாள், கயிற்றை விடவில்லை. உங்கள் மருமகன் கடலில் போய்த் திரும்பாத நாள்முதல் அந்தச் சத்தம் எனக்கும் ஆகாது. கண்ணை மூடியது நான்தான்.

"கண்ணைத் திறங்க அக்கா! படகு போயிட்டுது. இழுக்காட்டி மீன் தரமாட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இரவு சூடை மீன் குழம்பு.

அம்மா, உங்கள் மருமகனுடைய ஓலைத் தொப்பியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கரையில் நல்ல வெயில், இனி நாங்கள் தினமும் போவோம். மருந்து கொடுக்க மணி அடிக்கிறது.

மகள் றோசலின்