கூடைக்குப் பின்னால் இருந்த கை

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

சேதி சொல்லும் முன்னால் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனதற்கு அல்ல. உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு.

சிதம்பரம் வண்டிகேட் முக்கில் கட்டியிருந்தார்கள். ஆதார் அட்டையிலிருந்த உன் படத்தைப் பெரிதாக்கி, கழுத்தோடு வெட்டி, கடைக்காரன் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த எவளோ ஒருத்தியின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தான். நீ பட்டு கட்டி நான் பார்த்ததே இல்லை. தலை ஒரு பக்கம் பார்த்தது, கழுத்து ஒரு பக்கம் பார்த்தது. முகமோ சங்கிலித் திருட்டில் மாட்டிக்கொண்டவள் முகம். மறுநாள் மழை வந்து அதைக் கிழித்துப் போட்டது. மழைக்கு இருந்த ரசனைகூட அந்தக் கடைக்காரனுக்கு இல்லை.

"இந்தப் படம்தான் கெடச்சுதா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். உன் மகள் ஜெனி ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கம்மிய குரலில் என்னைக் கேட்டாள்.

"நீதான சித்தி கேமராக்காரி? உங்கிட்ட அம்மா படம் ஒண்ணு கூட இல்லியா?"

நான் என்ன சொல்லட்டும், அக்கா?

ஆறு வருஷம். கடலூரிலிருந்து நான், சிதம்பரத்திலிருந்து நீ. பச்சைப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் படம் எடுக்கும் இரண்டு பொம்பளைகள். எவன் வீட்டுப் பிள்ளை கொட்டாவி விட்டாலும் என்னிடம் பத்துப் படம் இருக்கிறது. தூக்கத்தில் சிரித்தது, தும்மியது, என் மேலே மூத்திரம் போனது எல்லாம் இருக்கிறது. உன் முகம் மட்டும் இல்லை.

நாம் செய்ததற்குப் பெயர் லைஃப்ஸ்டைல் போட்டோ. வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே, மனுஷர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே எடுப்பதாம். போனதும் முதல் வேலை வீட்டைக் காலி செய்வது. தண்ணீர் டிரம், மருந்து பாட்டில்கள், கொடியில் காயும் துணி, மளிகைக் கடைக் காலண்டர் எல்லாம் பின்கட்டுக்குப் போகும். நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்தபோது, அதிலொன்றில் உட்கார்ந்திருந்த மாமனாரையும் சேர்த்துப் பின்கட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்களே, நினைவிருக்கிறதா? அவர் உள்ளேயிருந்து இருமினார். மருமகள், "சத்தம் போட்டோல விழாதுல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

பிள்ளை பெற்ற உடம்பு ஆறியிருக்காது. அந்தப் பெண்ணுக்கு வெள்ளைக் கவுனை மாட்டி ஜன்னலோரம் நிறுத்துவார்கள். "சும்மா இயல்பா இருங்க" என்று நான் குழைவேன். துணிக்கு அடியிலிருந்து நீ முணுமுணுப்பாய். "தையல் போட்ட எடத்த இயல்பா இருக்கச் சொல்லு மொதல்ல."

ஆமாம், துணிக்கு அடியில். அதுதான் உன் இடம். பிறந்து பத்து நாளான பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. கூடையில் வைத்தால் தலை சாயும். வெள்ளைத் துணியை விரித்து, கூடைக்குப் பின்னால் நீ குந்தியிருப்பாய். துணியின் மடிப்பு வழியாக உன் கை மட்டும் வந்து தலையைத் தாங்கும். நான் எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் உன் கையை அழிப்பேன். பிள்ளை தானாகவே, ஏதோ தேவலோகத்திலிருந்து இறங்கி வந்ததைப் போலத் தூங்கும். பார்க்கிறவர்கள் உருகுவார்கள். எந்தப் பிள்ளையும் அப்படித் தானாகத் தூங்காது என்பது பெற்றவளுக்குக்கூட மறந்துபோகும்.

நர்சிங் ஹோமில் பன்னிரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தவள் நீ. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நீ கேட்பது டீ. குடிக்க அல்ல. சூடான எவர்சில்வர் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கை சூடேறிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவாய். "சில்லுன்னு கைய வெச்சா நீ தூங்குவியா?" என்பாய். இது தெரியாமல் எத்தனை வீட்டில், வந்ததும் வராததுமாக டீ கேட்கிறாளே என்று முகம் சுளித்திருக்கிறார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் முகத்தை நான் எடுக்காமல் இல்லை. அதுதான் கேவலம். ஒவ்வொரு வீட்டிலும் முதல் படம் உன்னைத்தான் எடுத்தேன். பிள்ளையைக் கொண்டுவருமுன் வெளிச்சம் பார்க்க, "அக்கா, அங்க உக்காரு" என்பேன். டம்ளரோடு போய் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாய். ஒரு க்ளிக். வெளிச்சம் சரி. உடனே அழித்துவிடுவேன். கார்டில் இடம் அடைக்கக் கூடாதாம். யார் யார் வீட்டுப் பிள்ளையின் குதிகாலுக்கு நாற்பது படம் இடம் இருந்தது, உன் ஒரு முகத்துக்கு இல்லை. என்னைப் போல ஒரு முட்டாள் கேமரா பிடித்து நீ பார்த்திருக்கிறாயா?

பேனருக்கு அப்புறம் மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் உருட்டினேன். உன் முழங்கை கிடைத்தது. கொண்டை கிடைத்தது. துணிக்கு அடியில் பிதுங்கிய முதுகு கிடைத்தது. முகம் இல்லை.

இந்த நேரத்தில்தான் யானை வீட்டிலிருந்து போன் வந்தது.

வாசலில் இரண்டு சிமெண்ட் யானை வைத்த அந்த சிதம்பரத்து மாடி வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். கிறிஸ்மஸ் கழிந்த வாரம் போனோம். ஜெனி உனக்கு ரோஸ் கலரில் நெயில் பாலிஷ் போட்டுவிட்டிருந்தாள். எனக்குப் பீங்கான் கப்பில் டீ வந்தது. உனக்குப் பேப்பர் கப்பில்.

"அம்மா, இதுல சூடு நிக்காது. ஒரு டம்ளர்ல ஊத்திக் குடுங்க" என்று கேட்டாய்.

பிள்ளையின் அப்பாவைப் பெற்ற அந்த அம்மாள் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "டம்ளர் எல்லாம் கழுவப் போட்டிருக்குது."

அவருக்குப் பின்னால் ஷெல்ஃபில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன. நீ பேப்பர் கப்பைத் தரையில் வைத்துவிட்டு, கைகளை அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் டீயைக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று மனசுக்குள் குறை வேறு சொல்லிக்கொண்டேன். என் கப்பை உன் பக்கம் நீட்ட எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை உன் உள்ளங்கையில் தலை வைத்ததும் தூங்கிப்போனான். கூடையைச் சுற்றி ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். அந்தப் படத்தில்தான் முதல்முறையாக உன் கையை அழிக்க மனசு வரவில்லை. கை இருந்ததால்தான் அது படமாக இருந்தது. அப்படியே அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் அந்த அம்மாள் கூப்பிட்டார். "படம் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தலைக்குக் கீழ அந்தக் கருத்த கை மட்டும் எடுத்துடுங்க. ஹால்ல மாட்டப் போறோம். வர்றவங்க யார் கைன்னு கேப்பாங்க பாருங்க."

"ஸாரி மேடம்" என்றேன். எதற்கு ஸாரி? பத்து நிமிஷத்தில் அழித்து அனுப்பினேன். உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். "அழிச்சா அழி. கை எங்கிட்டதான இருக்குது." நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேனே, அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து இப்போது போனில் அதே அம்மாளின் குரல். "ரெண்டாவதா பேத்தி பொறந்திருக்கா. அந்த ஆன்ட்டியையும் கூட்டியாந்துடுங்க. அவுங்க கையிலதான் பெரியவன் தூங்குனான்."

"அவுங்க இல்ல மேடம். தவறிட்டாங்க."

"அடடா. அப்ப அவுங்கள மாதிரி வேற யாராச்சும்?"

அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. போனேன். பஸ் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது எல்லாரும் மூக்கைப் பொத்தினோம். பொத்தியிருக்க வேண்டிய இடம் அதுவல்ல, யானை வீட்டு வாசல்.

ஹாலில் உன் படம் மாட்டியிருந்தது அக்கா. தப்பு, அவர்கள் பேரன் படம். கதவளவு பெரிதாக்கி, தங்கக் கலர் சட்டம் போட்டு, வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில். கிட்டப் போய்ப் பார்த்தேன். நாலு விரலையும் சுத்தமாகத் துணியாக மாற்றியிருக்கிறேன். பிள்ளையின் காதுக்குக் கீழே கட்டைவிரல் நுனியை விட்டுவிட்டிருக்கிறேன். பாதி உரிந்த ரோஸ் நகம். சுற்றிலும் ரோஜா இதழ் கிடப்பதால் அதுவும் ஒரு இதழாகவே தெரிகிறது. வேண்டுமென்றே விட்டேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள ஆசைதான். இல்லை. அவசரத்தில் செய்த அரைகுறை வேலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா சிரிக்கிறீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அந்த எதழு நல்லா இருக்குது மேடம், காதுகிட்ட."

"வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்லுவாங்க. கரெக்டா வந்து விழுந்திருக்குது பாருங்க."

பேப்பர் கப்பில் டீ கொடுத்தவர்கள் தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் சுவரில் உன் கட்டைவிரல் இருக்கிறது. நான் சொல்லவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள். இருக்கட்டும், நல்லா கும்பிடட்டும்.

பேத்தியைக் கொண்டுவந்தார்கள். என் கை பட்டதும் வீறிட்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. டீ கேட்டேன். கூட ஆள் இல்லாமல் துணியும் கூடையுமாக நான் தரையில் குந்தியிருந்தேன் அல்லவா, இந்த முறை எனக்கே பேப்பர் கப்பில் வந்தது. கேமராவோடு நின்றால் பீங்கான், கூடையோடு குந்தினால் பேப்பர். ஆளையே பார்ப்பதில்லை அக்கா, குந்தியிருக்கிறாளா நிற்கிறாளா என்றுதான் பார்க்கிறார்கள்.

"டம்ளர்ல குடுங்க மேடம்."

"டம்ளர் எல்லாம் கழுவப்..."

"மூணு வருசமாவா மேடம் கழுவுறீங்க?"

பெரியவன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான். துணியை மடித்தேன், கேமராவைப் பையில் போட்டேன். "கழுவி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு யானைகளைத் தாண்டி வந்துவிட்டேன். அன்றைக்கே, நீ பக்கத்தில் இருக்கும்போதே, இதைக் கேட்டிருக்கலாம்.

வந்ததும் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அழிப்பதற்கு முந்தையது, முழுக் கையோடு. ஆறு வருஷமாக உன் கையை வெட்டிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டேன். இந்த முறை பிள்ளையை வெட்டினேன். மணிக்கட்டிலிருந்து விரல் வரை, வெள்ளைத் துணியில் உன் கை மட்டும். பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு முதுநகருக்கு ஜெனி வீட்டுக்குப் போனேன்.

உனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். முழங்கால் அப்படியே உன்னுடையது, பாவம்.

ஜெனி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நான் போட்டுவுட்ட பாலிஷ் சித்தி. ரெண்டே நாள்ல உரிச்சிக்கிச்சு. பாத்தரம் தேய்க்காதன்னா கேக்குமா அது?" என்றாள். பிறகு, "மொகம் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லடி. நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தைக் கொண்டுபோய் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

பேரனை எடுக்க கேமராவை எடுத்தேன். அவள் அவசரமாக எழுந்தாள். "இரு சித்தி, கொடியில கெடக்குற துணியெல்லாம் எடுத்துட்றேன்."

"ஒண்ணையும் எடுக்காத. அங்க உக்காரு, வெளிச்சம் பாக்குறேன்."

நைட்டியும் கலைந்த தலையுமாக, டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? எடுத்தேன். பழக்கதோஷம், என் கட்டைவிரல் தானாக அழிக்கும் பட்டனுக்குப் போய்விட்டது.

"டெஸ்ட்டுதான சித்தி, அழிச்சிடு. தலகூட வாரல."

விரலை எடுத்துவிட்டேன் அக்கா. அழிக்கவில்லை. அன்றைக்கு எடுத்ததிலேயே முதலில் பிரிண்ட் போட்டது அதைத்தான். உன் பேரன் வளர்ந்து, தன் அம்மாவின் முகத்துக்காக ஆதார் அட்டையைத் தேட மாட்டான். அதற்கு நான் பொறுப்பு. இனி எந்த வீட்டிலும் வெளிச்சம் பார்க்க உட்காருபவளின் படத்தை நான் அழிக்க மாட்டேன், பிள்ளையைத் தாங்கும் கையையும் அழிக்க மாட்டேன். வேண்டாம் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பேரன் என் கையில் இன்னும் தூங்கவில்லை. இன்றைக்கும் ஜெனி வீட்டில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் கை சூடேறாத உன் தங்கச்சி,
ஜெனியின் சித்தி,
கௌரி