இடக்கையில் குடை

ஜூன் 9

என் அன்புக் குருவிக்கு,

சொல்லையும் சொல்லுக்குப் பொருளையும் தந்த இறைவன் உன் நாவில் நின்று காக்கட்டும். நான் நலம்.

நீ போய் ஒன்பது வாரம் ஆகிறது. உங்கள் செய்தி நிலையத்தை விலைக்கு வாங்கிய நிறுவனம், உன் மேசைக்குப் பின்னால் தெருவைப் பார்த்திருந்த பெரிய கண்ணாடிச் சுவரைப் பலகை வைத்து அடைத்துவிட்டது. ஆயினும் மாலை ஐந்தரைக்குக் கால்கள் தாமாகவே எதிர்ப்புற விளக்குக் கம்பத்தடிக்குப் போய்விடுகின்றன. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். உன் அண்ணி மறைந்த வாரம் நீ இட்ட கட்டளையல்லவா அது? "தனியா இருக்கீங்க. தினமும் நியூஸ் நேரத்துல கண்ணாடிக்கு எதிர்ல வந்து நில்லுங்க. மானிட்டர்ல உங்க தலை தெரிஞ்சாத்தான் எனக்கு வாய் ஓடும்" என்றாய். குடை வலக்கையில் தொங்கினால் நலம். இடக்கையில் தொங்கினால், செய்தி முடிந்ததும் வீட்டுக்கு வா. அகப்பாடல்களில் நாரையும் மேகமும் தூது போகும். நமக்கு வாய்த்தது ஒரு கறுப்புக் குடை.

அத்தனை ஆண்டும் நான் கண்டது உன் பின்தலையைத்தான். நீ வாசித்த செய்தியில் ஒரு சொல்லும் கேட்டதில்லை. முடிந்ததும் திரும்பி ஒரு முறை கையசைப்பாயே, அதுவே எனக்குச் செய்தி. அதனால்தான் வீட்டில் தொலைக்காட்சி வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

காவலாளி நேற்றுச் சிரித்தான். "ஐயா, உள்ள நாலு பழைய நாற்காலிதான் கெடக்கு. அதுக்குக் காவல் நிக்கத்தான் நான் இருக்கேனே, நீங்க வேற எதுக்கு?" என்றான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே நிறுவனத்தின் தலைமையகத்தில் ஆறாவது மாடி. ஜன்னலே இல்லாத கூடம். ஏழு ஊர்ச் செய்தியையும் ஒரே மேசையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நானே வாசிக்கிறேன். மேசையின் முகப்பு கருங்கல் போல மின்னும். என் முழங்கால் இடிக்கும் உட்பக்கமோ சாயம் பூசாத வெறும் பலகை. ஊர் மாறும்போது பின்னாலிருக்கும் பெரிய திரையில் தெரு மாறும், எனக்கு மேலாடை மாறும். அவ்வளவுதான்.

உரிமையாளரின் கருத்து என்று நாள்தோறும் ஒரு பக்கம் வருகிறது. "நம்ம ஊர் மக்களே" என்று தொடங்கும். எழுத்து மாறாமல் ஏழு முறை வாசிக்க வேண்டும். நேற்று ஐந்தாவது முறை சொல்லும்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்று எனக்கே மறந்துபோயிற்று.

ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். நம் ஊரின் முறை வரும்போது திரையில் நம் தெருதான் தெரிகிறது. கண்ணாடிச் சுவரை அடைப்பதற்கு முன் அதன் வழியே எடுத்து வைத்த ஒன்றரை நிமிடப் படம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதில் விளக்குக் கம்பத்தடியில் நீங்கள் நிற்கிறீர்கள் அண்ணா! மானிட்டரில் கட்டைவிரல் உயரம்தான். ஆனாலும் உங்களைத் தெரியாதா எனக்கு? முதல் நாள் ஒரு வரியைத் தவறவிட்டு, திட்டு வாங்கினேன்.

இனி எனக்குக் கவலை இல்லை. தினமும் உங்களைப் பார்த்துவிடுகிறேன்.

உங்கள் குருவி

*

ஆகஸ்ட் 20

அன்புக் குருவிக்கு,

எங்கும் நிறைந்தவன் உன்னைக் கைவிடாதிருப்பானாக. ஏழு ஊரில் ஒரே மாலையில் வீற்றிருக்கிறாய். தூணிலும் துரும்பிலும் இருப்பது தெய்வத்துக்கே உரிய வேலை. பார்த்துக்கொள், முதுகு வலிக்கப் போகிறது.

சென்ற வாரம் முடிதிருத்தும் கடையில் உன்னைப் பார்த்தேன். முதன்முறையாக உன் முகத்தோடு செய்தி கேட்டேன். நன்றாக வாசிக்கிறாய், நம் அம்மாவின் நிறுத்தம் உன் குரலில் இருக்கிறது. வெளியே தெருவில் முழங்காலளவு மழைநீர். உனக்குப் பின்னால் அதே தெருவில் பளீரென்று மாலை வெயில். கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "அண்ணே, நம்ம தெருவுல வெயில் அடிக்குதாம். வேட்டியைக் கொண்டுபோய் அங்க காயப்போடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

படத்தில் கம்பத்தடியில் நிற்கும் அந்த மனிதனையும் பார்த்தேன். கொடுத்து வைத்தவன். அவனுக்குப் பசி இல்லை, மூப்பு இல்லை, குளியலறையில் வழுக்கி விழுவதும் இல்லை. (எனக்கு வீக்கம் வற்றிவிட்டது, கேட்காதே.) அவனை நாள்தோறும் கண்டு நீ நிறைவடைவதால் எனக்கு எழுத மறந்துவிடுகிறாய் போலும். குறை சொல்லவில்லை. ஏழு வாரமாகக் கடிதம் இல்லை என்பதை மட்டும் சொன்னேன்.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று, செய்தி முடிந்து எல்லாரும் போன பிறகு திரையின் அருகே சென்றேன். கை எட்டும் தொலைவில் நீங்கள் வெறும் ஒளிப்புள்ளிகள். நான்கு அடி பின்வாங்கியதும் உருவம் கூடிவந்தது. அப்போதுதான் கண்டேன். குடை உங்கள் இடக்கையில் இருக்கிறது.

படம் இடவலம் மாறியிருக்குமோ என்று ஐயுற்றேன். இல்லை, எதிர்க்கடையின் பெயர்ப்பலகை நேராகவே இருக்கிறது. அரங்கை வடிவமைத்தவரிடம் படம் எடுத்த நாளைக் கேட்டேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி. அன்று படப்பிடிப்புக்காக எங்களை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கிருந்துதான் வாசித்தேன். மறுநாள் காலை இந்த வேலைக்குக் கையெழுத்திட்டேன்.

பத்தொன்பது ஆண்டுகளில் இடக்கையில் குடையை நான் கண்டது இரண்டே முறை. அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று; உங்களுக்குக் காய்ச்சல் கண்ட அன்று. அண்ணா, அன்று எதற்கு அழைத்தீர்கள்? ஐந்து மாதமாக என் முதுகுக்குப் பின்னால் நின்று அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கவலை இல்லை என்று எழுதினேன்.

அடுத்த மாதம் படத்தைத் திருத்தப் போகிறார்கள். "அசையாம ஒரே எடத்துல ஒரு ஆள் நிக்கிறாரு மேடம், பாக்கறவங்க கண்ணு அங்கேயே போகுது. எடுத்துடறோம்" என்கிறார் அந்த வடிவமைப்பாளர்.

நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். எழுதுங்கள்.

குருவி

*

செப்டம்பர் 24

என் குருவிக்கு,

மெய்யே உருவானவன் முன்னிலையில் எழுதுகிறேன்.

அன்று, போகாதே என்று சொல்ல வந்தேன். வேறொன்றுமில்லை. உள்ளே உன் நாற்காலி காலியாக இருந்தது. யாரோ ஒருவர் கேமராவோடு நின்றார். வழக்கமான நேரம்வரை நின்றேன். நீ வராததை இறைவனின் விடையாகக் கொண்டு, வழியிலேயே குடையை வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன். உன் உயர்வுக்குக் குறுக்கே நிற்பது அன்பாகாது என்று அந்த இரவெல்லாம் பதிகம் பாடி மனத்தை ஆற்றினேன். மறுநாள் நீ இனிப்போடு வந்தாய், வாழ்த்தினேன். அந்த வாழ்த்தும் மெய்தான்.

படத்தில் நிற்பவனை அழித்துவிடட்டும். கேட்கக் கூடாததைக் கேட்க வந்தவன்.

ஆனால் குருவி, பலகை அடித்த அந்தச் சுவருக்கு எதிரில் இன்று மாலையும் போய் நின்றேன். காணும் கண் அங்கே ஒன்றும் இல்லாததால் எழுத்தில் தெரிவிக்கிறேன். குடை இடக்கையில் இருந்தது.

உன் அண்ணன்

*

அக்டோபர் 3, மாலை ஐந்தேகால்

அண்ணா,

பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறேன். "இப்பதாம்மா கம்பத்தடிக்குக் கெளம்பினாரு, கால் தாங்கித் தாங்கி நடக்குறாரு" என்றார்கள். வழியில் தவறிவிட்டால் என்ன செய்வது என்று இந்தச் சீட்டைக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

விடுப்புக் கேட்டேன், தர முடியாது என்றார்கள். வந்துவிட்டேன். இன்று அந்த மேசையில் வேறொருத்தி வாசிப்பாள். படத்தை இன்னும் திருத்தவில்லை. அவளுக்குப் பின்னால் நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு நிற்பீர்கள். நிற்கட்டும்.

நான் வரும்வரை நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். இந்த முறை உங்கள் முதுகைப் பார்த்தபடி நான் வருகிறேன்.

குருவி